ஸ்காட்லாந்தின் வலிமை விளையாட்டுகளும் அவற்றின் பெயர்களும்: கேள்வி பதில்

கேள்வி: கேபர் எறிதலில் மரத்தை அதிக தூரம் எறிபவரே வெல்வாரா? அச்சொல்லின் பொருள் என்ன?

பதில்: தூரத்தை யாரும் அளப்பதேயில்லை. 'கபர்' என்னும், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல் கூரையின் கைமரத்தையும் மானின் கொம்பையும் குறிக்கும். அதுவே ஆங்கிலத்தில் 'கேபர்' ஆயிற்று. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 80 கிலோ வரை எடையும் உள்ள மரத்தின் மெல்லிய முனையை உள்ளங்கைகளில் ஏந்தி, தோளில் சாய்த்தபடி ஓடிவரும் வீரர், சட்டென நின்று அதை மேல்நோக்கி வீச, பருத்த முனை தரையில் ஊன்ற, மரம் புரண்டு, மெல்லிய முனை அவருக்கு நேர் எதிரே விழ வேண்டும். வீரர் நிற்கும் இடத்தைக் கடிகாரத்தின் 6 எனக் கொண்டால், 12-ஐ நோக்கி விழுவதே முழுமையான வீச்சு. வலிமையைவிட நேரான வீழ்ச்சிக்கே மதிப்பளிக்கும் இந்த விதியே இவ்விளையாட்டின் அழகு என்பது என் கருத்து.

கேள்வி: கல் எறிதலும் ஒலிம்பிக் குண்டு எறிதலும் ஒன்றா?

பதில்: நெருங்கிய உறவினை உடையவை. கேலிக்கில் கல் எறிதலின் பெயருக்கு 'வலிமைக் கல்' என்று பொருள். இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் வழங்கும் 'புட்' என்னும் வினை வீசுவதையன்று, தோளிலிருந்து உந்தித் தள்ளுவதையே குறிப்பதால், நாம் சொல்லும் 'எறிதல்' முழுதும் பொருந்தாது. இயற்கைக் கற்களைப் பயன்படுத்தும் திடல்களில் எடை வேறுபடும் என்பதால், ஓரிடத்துத் தூரத்தை மற்றோரிடத்துத் தூரத்துடன் ஒப்பிடுவது முறையன்று.

கேள்வி: எடை எறிதலில் 28, 56 பவுண்டு என்ற எண்கள் ஏன்?

பதில்: 14 பவுண்டு ஒரு 'ஸ்டோன்', அதாவது ஒரு கல். 28 இரண்டு கல், 56 நான்கு கல். இவை வணிகர்களின் தராசு எடைகள். தமிழிலும் 'எடைக்கல்' என்கிறோம் அல்லவா!

கேள்வி: ஸ்காட்டிஷ் சுத்தியல் எறிதல் ஒலிம்பிக் சுத்தியல் எறிதலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பதில்: கம்பிக்குப் பதில் விறைப்பான நீண்ட கைப்பிடி உண்டு. வீரர் சுழன்று நகராமல், கால்களை ஊன்றியே தலைக்கு மேல் சுழற்றி எறிவார்.

கேள்வி: டின்னி கற்கள் என்பவை எவை?

பதில்: அபர்டீன்ஷரின் போட்டார்க் பாலப் பராமரிப்பின்போது சாரத்துக்கு எதிர் எடையாகப் பயன்பட்ட, இரும்பு வளையம் பொருத்திய இரு கற்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 332 கிலோ. 1860-இல் ஸ்காட்லாந்து வலிமை வீரர் டொனால்ட் டின்னி அவற்றைப் பாலத்தின் அகலம் முழுதும் சுமந்து கடந்தார் என்பதே அவற்றின் புகழ். 1979-இல் அமெரிக்கப் பளுதூக்கும் வீராங்கனை ஜான் டாட் (Jan Todd) அவற்றைத் தூக்கிய முதல் பெண்மணியானார். கற்கள் இன்றும் போட்டார்க்கிலேயே உள்ளன.