பட்டியில் ஒரே இரவில் ஏழு ஆடுகள்: நாயா, சிறுத்தையா?

கேள்வி: தாளவாடி மலையில் காட்டை ஒட்டிய தோட்டத்தில் 22 வெள்ளாடுகள் வளர்த்துவந்தேன். பட்டியைச் சுற்றி ஐந்தடி மூங்கில் படல், மேலே திறந்தவெளி. முந்தாநாள் இரவு ஏழு ஆடுகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன, ஒன்றைக் காணவில்லை. நாய் என்கிறார்கள், சிறுத்தை என்கிறார்கள். செத்த ஆட்டில் மருந்து வைக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில், மருந்து வைக்கவே வைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி அருகே மாட்டைப் பறிகொடுத்த ஒருவர் அதன் உடலில் பூச்சிமருந்து வைத்தார். இரண்டு புலிகள் செத்தன, அவர் கைதானார். புலி, சிறுத்தையைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. மருந்து வைத்த இறைச்சியை உங்கள் நாயும் தின்னும். மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளும் அதில்தான் வந்து இறங்கும்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. எட்டு ஆடு என்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், விதைக்கான பணம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிறுத்தை மாதிரிதான் தெரிகிறது. நாய்கள் துரத்தித் துரத்திப் பின்தொடை, வால், காது என்று கண்ட இடத்தில் கிழிக்கும். சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை அடைக்கும். வெளியே இரண்டு மூன்று துளைதான் தெரியும், கால்நடை மருத்துவர் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். ஈர மண்ணில் காலடியையும் பாருங்கள். நாய்த் தடத்தில் நகம் பதியும், சிறுத்தையின் தடம் உருண்டையாக, நகமில்லாமல் இருக்கும். காணாமல் போன ஆட்டை இழுத்துப்போன தடம் புதருக்கோ மரத்தடிக்கோ போகிறதா என்று பகலில் மூன்று நாலு பேராகப் போய்ப் பாருங்கள், தனியாக வேண்டாம்.

சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமானது. 25 அளவில் இருந்த புலிகள் பத்தே ஆண்டில் 80 அளவுக்கு வந்துவிட்டன. புலி பெருகும் காட்டில் சிறுத்தை ஓரத்துக்கு ஒதுங்கும், அந்த ஓரத்தில்தான் உங்கள் தோட்டம். கூண்டு வைத்துப் பிடித்துப்போனால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். மகாராஷ்டிராவின் ஜுன்னாரில் 2001-க்குப் பிறகு நிறையச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்மேல் தாக்குதல் கூடியதுதான் மிச்சம்.

பசிக்கு ஒரு ஆடு போதும், ஏழு ஏன் செத்தன? ஓடவும் வழியில்லாத பட்டிக்குள் ஆடுகள் மிரண்டு சுற்றிச் சுற்றி ஓடும்போது சிறுத்தை அசைவதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். ஐந்தடிப் படல் அதற்கு ஒரு தாவல்தான். அதனால் செலவு செய்வதென்றால் கூரைக்குச் செய்யுங்கள். கல் தூணோ இரும்புக் குழாயோ நட்டு, பக்கமும் மேலும் கனமான சங்கிலிக் கம்பி வலை போட்டு மூடுங்கள். கோழி வலை நிற்காது, கிழித்துவிடும். கீழே ஓரடி ஆழம் வலையைப் புதைத்துக் கல் அடுக்குங்கள். கதவுக்கு அடியில் சந்து இருக்கக் கூடாது. பயத்தில் தகரத்தால் நாலு பக்கமும் அடைத்துவிடாதீர்கள், மூத்திர நெடி தேங்கி ஆடுகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்துவிடும். பட்டிமேல் சாயும் கிளைகளை வெட்டி, சுற்றியுள்ள உண்ணிச்செடிப் புதரை ஒரு கல்லெறி தூரம்வரை அழித்துவிடுங்கள். குட்டி போட்ட நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதையுங்கள். விளக்கு கொஞ்ச நாள் உதவும், அப்புறம் பழகிவிடும். வேலியில் வீட்டு மின்சாரம் கொடுப்பது மட்டும் கூடாது, ஆளும் சாகும், யானையும் சாகும்.

இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் இன்றே எழுதிக் கொடுங்கள். வனவர் பார்க்கும்வரை உடல்களை நகர்த்தாமல் படம் எடுத்துவையுங்கள், கால்நடை மருத்துவரின் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் மேய்ந்தபோது போன ஆட்டுக்குக் கேட்பது சிரமம், அதனால் பட்டியில் நடந்தது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

ருசி கண்ட சிறுத்தை அடுத்த சில இரவுகளில் திரும்பி வரும். வலை போட்டு முடிக்கும்வரை மிச்சமுள்ள 14 ஆடுகளையும் கதவுள்ள அறையில், சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்த்து, பொழுது சாயும் முன்பே அடைத்துவிடுங்கள்.