டி அண்ட் டி ஆட்டத்தில் கடற்பயணம்: கேள்வி பதில்

டி அண்ட் டி (Dungeons & Dragons) எண்டது கட்டை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டம், அதை நடத்துபவர் டிஎம். பாய்க்கப்பல், தாகம், புயல், வழிதவறல் பற்றி யாழ்ப்பாணத்து டிஎம்மார் கேட்ட கேள்விகளும் பதில்களும். விதி எண்கள் எல்லாம் 2014 ஐந்தாம் பதிப்புக்குரியவை. மற்றவை மேசைக்கு ஏற்ற வீட்டு விதிகள், பிடிக்காவிட்டால் மாத்துங்கோ.

கொக்குவில்: அண்ணா, பத்து நாள் பயணம். ஒவ்வொரு நாளும் சந்திப்புக்கு, அதாவது வழியில் ஏதும் எதிர்ப்படுதோ எண்டு, கட்டை உருட்டினன். நாலாம் நாளிலேயே எல்லாரும் போனை நோண்டத் தொடங்கீட்டினம். எங்க பிழை?

நாளைக்கு ஒருக்கா டி20 (இருபது முகக் கட்டை) உருட்டி, 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால் சந்திப்பு எண்டால், ஒரு நாளுக்கு வாய்ப்பு 15 வீதம். பத்து நாளும் ஒண்டும் நடவாமல் போவது ஏறக்குறைய ஐந்து பயணத்தில் ஒண்டு. நடந்தாலும், கதையோடு தொடர்பில்லாத ஒரு பூதம் ஏறி வந்து செத்துப்போகும். வீரர்கள் முடிவெடுக்க அதில் ஒண்டுமில்லை.

பயணத்தை மூண்டு துண்டாக்குங்கோ: துறைமுகத்தை விட்டு வெளிக்கிடுதல், ஆழ்கடல், கரையை நெருங்குதல். துண்டுக்கு ஒரேயொரு சிக்கல், அதற்குக் குறைந்தது இரண்டு வழி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை. உதாரணத்துக்கு, பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டு) ஊடாகப் போனால் ஒரு நாள் மிச்சம், ஆனால் அடிப்பலகை கிழியலாம். சுற்றிப் போனால் பலகை தப்பும், தண்ணீர் குறையும். இடையில் உள்ள நாட்களை "நாலு நாள் போச்சு, நாலு நாள் தண்ணீரை அழியுங்கோ" எண்டு ஒரே வசனத்தில் முடியுங்கோ.

நெல்லியடி: மூண்டு தோல்விக்கு முன்னம் ஆறு வெற்றி எண்டு சவால் வைக்கிறன். எல்லாருக்கும் கட்டையோடு கூட்ட +7 இருக்கு, டிசி (எட்டவேண்டிய எண்) 15தான். அப்பிடியும் தோக்கினம். கட்டை பிழையோ?

கட்டை சரி, கணக்குத்தான் ஏமாத்துது. +7க்கு டிசி 15 எண்டால் 8 விழவேணும். ஒரு ரோலுக்கு 65 வீதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மூண்டு தோல்வி வர முன்னம் ஆறு வெற்றி எடுக்கும் வாய்ப்பு 43 வீதம் மட்டுமே. டிசியை 13 ஆக்கினால் ஒரு ரோல் 75 வீதம், முழுச் சவால் 68. அல்லது டிசியை 15இலேயே விட்டு, நாலு வெற்றி போதும் எண்டு சொல்லுங்கோ: 65 வீதம். நாலு வெற்றியும் டிசி 13உம் சேர்ந்தால் 83 வீதம். சாதாரண நாளுக்கு அதுதான் அளவு. ஆறு வெற்றியை மிகப் பெரிய ஆபத்துக்கு மட்டும் வையுங்கோ.

இன்னொண்டு. ஒரே ஆள் ஒரே திறனை ஒரு சவாலில் இரண்டு தடவை பாவிக்க விடாதேங்கோ. விட்டால் ஒருத்தர் மட்டும் உருட்டுவார், மற்ற நாலு பேரும் "நான் உதவி" எண்டு சொல்லிக்கொண்டு இருப்பினம்.

ஊர்காவற்றுறை: தோத்தால் கப்பல் தாழவேணுமோ? தாழ்ந்தால் கதையே முடிஞ்சுது.

தாழ விடாதேங்கோ, ஆனால் சும்மாவும் விடாதேங்கோ. ஒரு தோல்விக்கு இதில் ஒண்டு போகட்டும்: ஒரு நாள், ஒரு பீப்பாய் தண்ணீர், ஒரு பாய், பெயர் தெரிந்த ஒரு மாலுமி, அல்லது வழி. எது எண்டு கட்டை உருட்ட முன்னமே சொல்லிவிடவேணும். உருட்டின பிறகு சொன்னால் டிஎம் பழிவாங்குற மாதிரி இருக்கும்.

சாவகச்சேரி: அண்ணா, எங்கட கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) மந்திரத்தாலேயே தண்ணி எடுக்கிறா. தாகம் எண்ட பயமே இல்லாமல் போச்சு.

தங்கச்சி, முதலில் ஆட்களை எண்ணுங்கோ. ஐந்து வீரர், இருபது மாலுமி: 25 பேர். ஆளுக்கு நாளுக்கு ஒரு கலன், அதாவது 3.8 லீற்றர், கப்பலுக்கு 25 கலன். கடும் வெயிலெண்டால் இரட்டிப்பு. ஒரு பீப்பாய்க்கு 40 கலன் பிடிக்கும். பத்து நாளுக்கு ஏழு பீப்பாய் வேணும்.

தண்ணீர் உண்டாக்கும் முதல் மட்ட மந்திரம் ஒரு தடவைக்குப் 10 கலன்தான் தரும். 25 கலனுக்கு மூண்டு தடவை. மூண்டாம் நிலைக் கிளெரிக்கிடம் முதல் மட்ட ஸ்லொட், அதாவது ஒரு நாளுக்கு மந்திரம் போடும் தடவை, நாலுதான். ஆகவே கப்பல் முழுக்கக் குடிக்கலாம், ஆனால் அண்டைக்குக் காயம் ஆற்ற மிஞ்சுறது கொஞ்சம். மந்திரத்தைத் தடுக்காதேங்கோ, தண்ணீர் எடுத்த நாளில் சண்டையை வையுங்கோ. ஐந்தாம் நிலைக்குப் பிறகு நிலைமை வேறை: மூண்டாம் மட்ட உணவு-நீர் மந்திரம் ஒரு தடவைக்கு 30 கலன் தரும். அந்தக் குழுவுக்குத் தாகத்தை விட்டிட்டு, நாட்கெடுவை வையுங்கோ.

பாதித் தண்ணீர் குடித்தவருக்கு நாள் முடிவில் டிசி 15 உடல்வலுச் சேவ் (தாக்குப்பிடிக்கும் ரோல்), தவறினால் ஒரு படி களைப்பு. பாதிக்கும் குறைவெண்டால் சேவ் இல்லை, களைப்பு நிச்சயம்.

வல்வெட்டித்துறை: என்ர மேசையில் இருக்கிற இரண்டு பேரின்ர வீட்டில கடல்தொழில். அவைக்கு முன்னால புயல் நடத்த வெக்கமா இருக்கு.

வெட்கப்பட ஒண்டுமில்லை, அவர்களிடமே கேளுங்கோ. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த 89 அடி அன்னபூரணி உங்கட ஊரில் கட்டின கப்பல்தானே.

புயலை மூண்டு கட்டமாக நடத்தலாம். முதற்கட்டம் அறிகுறி: காற்று ஏற முன்னமே நீண்ட அலை வரும், உயரத்தில் மெல்லிய முகில் பரவும். இப்ப கேளுங்கோ: கரைக்கு ஓடுறதோ, ஆழத்தில் நிற்கிறதோ? வீரர்கள் அநேகமாகக் கரை எண்டுதான் சொல்லுவினம். ஆனால் காற்று கரையை நோக்கி அடித்தால், பாய்க்கப்பலைப் பாரில் கொண்டுபோய் மோதுவது அந்தக் காற்றுத்தான். 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடியை அழித்ததும் கரைமேல் ஏறின கடல். இதைத் தண்டையலின் (கப்பல் தலைவர்) வாயால் சொல்ல வையுங்கோ, முடிவை வீரர்களிடம் விடுங்கோ.

இரண்டாம் கட்டம் பாய். சுருக்கிக் கட்டினால் பாய்மரம் தப்பும், ஆனால் காற்றுப்போன பக்கம் கப்பல் இழுபடும். விரித்தபடி ஓடினால் அரை நாள் மிச்சம். ரோல் தவறினால் பாய்மரம் முறியும். மூண்டாம் கட்டம் அலை. அணியத்தை (முன்புறத்தை) அலைக்குக் கொடுக்கலாம், பின்புறத்தையும் கொடுக்கலாம். பக்கவாட்டில் வாங்கினால் கவிழும். சுக்கான் ரோல் தவறினால் கப்பல் பக்கவாட்டுக்குத் திரும்புது: சரக்கை எறிந்தால் நிமிரும், எறியாவிட்டால் இன்னொரு ரோல். எந்தச் சரக்கு எண்டு கேட்கும் அந்த இடத்தில்தான் மேசை சூடாகும், அவசரப்படுத்தாதேங்கோ.

தாளில் ஆறு பெட்டி கீறி, கப்பலுக்கு அடி விழ விழ ஒவ்வொண்டாக நிரப்புங்கோ. மொத்தம் ஐந்து ரோலுக்குள் புயல் முடியவேணும். பத்தாவது ரோலில் அது புயலில்லை, கணக்குப் பாடம்.

மானிப்பாய்: வேகம், காற்றுத்திசை இரண்டையும் எப்பிடி லேசாக் கணக்கெடுக்கிறது?

விதிநூலில் பாய்க்கப்பல் மணிக்கு 2 மைல், இரவுபகலாக 48 மைல். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். அந்த வேகத்தில் 34 மணித்தியாலம். இதைச் சொன்னால் எங்கட ஆக்களுக்குத் தூரம் உடனே பிடிபடும்.

காற்று பின்னால் அல்லது பக்கத்தால்: முழு வேகம். முன்பக்கம் சரிவாக: பாதி. நேர் எதிரே: மூண்டில் ஒண்டு, அதுவும் தண்டையல் ரோல் வென்றால்.

திசைக்கு எங்கட காற்றையே எடுங்கோ. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து. கார்த்திகை முதல் மாசி வரை வாடை, வடகிழக்கிலிருந்து. ஆறுமுகக் கட்டையில் 1 முதல் 4 வரை பருவக்காற்று, 5 காற்றில்லை, 6 எதிர்க்காற்று. ஒரு மாதம் பிந்தி வெளிக்கிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்கவேணும் எண்டால், வில்லனுக்கு வேறை நாட்கெடு தேவையில்லை.

தெல்லிப்பழை: ஆள் கடலுக்குள் விழுந்தால்?

2 மைல் வேகத்தில் கப்பல் ஒரு ரவுண்டுக்கு (ஆறு விநாடி) 17½ அடி விலகும். 50 அடிக் கயிறு மூண்டாம் ரவுண்டோடு எட்டாது. அந்த மூண்டு ரவுண்டையும் சத்தமாக எண்ணுங்கோ. அமைதிக் கடலில் முழுமூச்சாய் நீந்துபவர் ரவுண்டுக்கு 30 அடி போவார், தானே பிடித்துவிடுவார், ரோல் கேட்காதேங்கோ. அலை இருந்தால் மட்டும் அத்லெட்டிக்ஸ் (உடல்திறன்) ரோல், டிசி 15.

நல்லூர்: டி20 கட்டை வாங்க முடியேல்லை.

போன் செயலி போதும். மூண்டு ஆறுமுகக் கட்டையைக் கூட்டி உருட்டாதேங்கோ: டி20இல் 15 அல்லது அதற்கு மேல் விழ 30 வீதம், அதில் 9 வீதம்தான். டிசி எல்லாம் குழம்பும்.

காரைநகர்: வழிதவறுறதை எப்பிடி நியாயமா நடத்திறது?

வழிகாட்டியின் ரோலைத் திரைக்குப் பின்னால் நீங்கள் உருட்டுங்கோ. தவறினது அவைக்கு உடனே தெரியக்கூடாது. பிழையைக் கிழக்கு-மேற்காக வையுங்கோ. வடக்கு-தெற்கு நட்சத்திரத்தில் தெரியும்: யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கு, அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டிப் பொத்திப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒரு பொத்திய கை உயரத்தில் நிற்கும். நெடுங்கோட்டுக்கு அப்படி ஒரு நட்சத்திரமில்லை. ஆகவே தீவின் அகலக்கோட்டைப் பிடித்துவிட்ட குழு, தீவு கிழக்கிலோ மேற்கிலோ எண்டு தெரியாமல் நிற்கும். அப்ப மிச்சத் தண்ணீரை எண்ணச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் திரும்புறது எண்டு கேளுங்கோ.