கையில தூக்கிட்டுப் போற கம்பம் அடிக்கிற மெஷின், பெங்களூர் பக்கத்து மண்ணுக்கு சரிப்படுமா?

கேள்வி: சர்ஜாபுரா தாண்டி ஒரு ஏக்கர் வாங்கியிருக்கேன், சுத்தி வேலி போடணும். கையில தூக்கிட்டுப் போய் கம்பம் அடிக்கிற பெட்ரோல் மெஷினை வீடியோவுல பாத்தேன். நம்ம பக்கத்து மண்ணுக்கு அது சரிப்படுமா, வாங்கலாமா?

சரிப்படும். ஆனா கம்பம் இரும்பா இருக்கணும், மண்ணு ரெண்டு ரெண்டரை அடி ஆழத்துக்காவது பாறை இல்லாம இருக்கணும். நான் ஆனேக்கல், அத்திபெலே, சர்ஜாபுரா, ஹொஸ்கோட்டை பக்கம் வேலி காண்ட்ராக்ட் எடுத்து பண்றவன், அப்பா காலத்துலேர்ந்து இதே வேலை, அவர் தர்மபுரியிலேர்ந்து ஒரு கடப்பாரையும் சம்மட்டியுமா இங்க வந்தவர். இந்த மெஷினை நாலு வருஷமா வச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல கல்கம்பம் விஷயத்தை முடிச்சிடலாம். பெங்களூரை சுத்தி எங்க பாத்தாலும் கருங்கல் கம்பம் நட்ட வேலிதான், குவாரியில வரிசையா உளி வச்சு பொளந்து எடுத்த ஆறடி ஏழடி கல்லு, கரையான் தின்னாது, துருப்பிடிக்காது, ஒரு தடவை ஒழுங்கா நட்டா பேரன் காலம் வரைக்கும் நிக்கும், எனக்கும் மனசுக்கு புடிச்ச வேலி அதுதான். ஆனா அதை தலையில அடிச்சு இறக்க முடியாது. கல்லு பாரம் தாங்கும், அடி தாங்காது, மேல தொடர்ந்து அதிர்வு விழுந்தா எந்த வாக்குல பொளந்தாங்களோ அதே வாக்குல விட்டுடும். சிமெண்ட் கம்பமும் அப்படித்தான், தலை நொறுங்கி உள்ள இருக்கற கம்பி வெளிய வந்துடும். இது ரெண்டுக்கும் குழி தோண்டித்தான் ஆகணும், கையால தோண்டுங்க, இல்ல பெட்ரோல் ஆகர்ல, அதாவது திருகு மாதிரி சுத்தி குழி துளைக்கிற மெஷின்ல, 10, 12 இஞ்ச் பிட் மாட்டி துளைங்க. நீங்க பாத்த மெஷின் ஜிஐ பைப்புக்கும் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) எம்எஸ் ஆங்கிளுக்கும் (எல் வடிவ இரும்பு) உண்டானது.

நான் இதை வாங்கினது வேகத்துக்காக இல்ல. இரும்புக் கம்பத்தை சம்மட்டியால அடிக்க ரெண்டு பேர் வேணும், ஒருத்தன் ஸ்டூல் மேல நின்னு அடிப்பான், இன்னொருத்தன் கீழ குத்துக்கால் போட்டு உக்காந்து பைப்பை நேரா புடிச்சிருப்பான். பாக்கறவங்களுக்கு அடிக்கறவன் பாடுதான் பெருசா தெரியும், புடிக்கறவன் பயம் தெரியாது. 5 கிலோ இரும்பு அவன் தலைக்கு மேல ஏறி இறங்குது, ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக்க மூடிக்குவான். எங்க செட்டுல கிருஷ்ணகிரி பக்கத்து பையன் ஒருத்தன், அப்ப 19 வயசு, அத்திபெலே சைட்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அடிக்கறவனுக்கு கை ஓஞ்சு போய் சம்மட்டி பைப் விளிம்புல சறுக்கி இவன் மணிக்கட்டுல விழுந்துச்சு. எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சு போச்சு. மூணு மாசம் வேலைக்கு வரல, இன்னைக்கும் டிசம்பர் குளிர்ல டீ கிளாஸை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கை விரலை ஒரு தடவை நீட்டி மடக்கிட்டுத்தான் எடுப்பான். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே என் சைட்ல யாரும் கம்பத்தை கையில புடிச்சிருக்க இன்னொருத்தர் சம்மட்டி ஓங்கக் கூடாதுன்னு.

அதுக்கு மெஷின்தான் வேணும்னும் இல்ல. நான் மொதல்ல செஞ்சது கையால இடிக்கிற இடிகுழாய். நல்ல கனமான பைப்ல ஒரு முனையை தடிச்ச தகடு வச்சு வெல்டு பண்ணி அடைச்சுட்டு, ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சா முடிஞ்சது, மொத்தம் 10 கிலோ வரும். கம்பத்து தலையில தொப்பி மாதிரி மாட்டி தூக்கி தூக்கி விடறது, அது கம்பத்தை விட்டு வெளியவே வராததால சறுக்கறதுக்கு வழியே இல்ல. 10 கிலோவை அரை மீட்டர் தூக்கி விட்டாலே ஒரு இடிக்கு கிட்டத்தட்ட 50 ஜூல் விழும், அது சின்ன அடி இல்ல. பொறுமையா மண்ணு ஈரத்துல 20, 30 கம்பம் இறக்கறவங்களுக்கு இதுவே தாராளம், எந்த வெல்டிங் கடையிலயும் ஒரு மணி நேரத்துல செஞ்சு குடுப்பாங்க. ஒரே கண்டிஷன், கைப்பிடியை புடிச்சு தூக்கறப்ப குழாயோட வாய் கம்பத்து உச்சிக்கு மேல வந்துடக்கூடாது, வந்துட்டா திரும்ப இறங்கறப்ப விளிம்பு தலையிலயோ தோள்லயோ படும்.

ஒரு நாளைக்கு 60, 70 கம்பம்னு வந்ததும் பசங்க தோள்பட்டை போக ஆரம்பிச்சுது, அப்பதான் பெட்ரோல் மெஷின். உள்ள நடக்கறது கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர்ல நடக்கறதேதான். சின்ன இன்ஜின் வேகமா சுத்தும், ஆக்சிலேட்டர் புடிச்சாத்தான் கிளட்ச் ஒட்டும், கியர் வேகத்தை குறைச்சு ஒரு கிராங்கை சுத்த விடும், அது பிஸ்டனை மேலயும் கீழயும் ஓட்டும், பிஸ்டனுக்கும் சுத்தியலுக்கும் நடுவுல இருக்கற காத்து அமுங்கி சுத்தியலை கீழ தள்ளி கம்பத்து தலையில அடிக்கும். இடிகுழாய்ல நிமிஷத்துக்கு 20, 25 இடிதான், இதுல மாடலைப் பொறுத்து ஆயிரத்தை ஒட்டி வரும், ஒவ்வொரு அடியும் சின்னதா இருந்தாலும் மண்ணு திரும்ப இறுகறதுக்கு நேரமே கிடைக்காது. நல்ல செம்மண்ல ஒன்றரை இஞ்ச் பைப் ரெண்டடி இறங்க ஒரு நிமிஷம் கூட ஆகறதில்ல.

இந்த மெஷின்கள் நிறையத்துல இருக்கறது ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜினோ அதை மாதிரி செஞ்சதோதான், 35.8 சிசி, 4 ஸ்ட்ரோக், சாய்ச்சு புடிச்சாலும் ஓடும். 4 ஸ்ட்ரோக்கா பாத்து வாங்குங்கன்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, 2 ஸ்ட்ரோக்னா பெட்ரோல்ல ஆயில் கலக்கணும், 25க்கு 1னு கையேட்டுல போட்டிருந்தா லிட்டருக்கு 40 மில்லி. என் ஆகர் 2 ஸ்ட்ரோக், ஒரு நாள் புது ஆள் வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டிட்டான், மத்தியானத்துக்குள்ள பிஸ்டன் புடிச்சுக்கிச்சு. 4 ஸ்ட்ரோக்ல அந்தக் குழப்பமே இல்ல, ஆனா ஜிஎக்ஸ்35 புடிக்கறதே 100 மில்லி ஆயில்தான், கொஞ்சம் குறைஞ்சாலும் இன்ஜினுக்கு கேடு, தினமும் காலையில பாக்கணும்.

மெஷின் எடை 15லேர்ந்து 20 கிலோ வரைக்கும் இருக்கும். வீடியோவுல காட்டாத கஷ்டம் இதுதான், எட்டடி பைப் உச்சியில இதை எப்படி ஏத்தறது? ஸ்டூல் மேல ஏறி தூக்கி மாட்டவே மாட்டாதீங்க. பைப்பை தரையில படுக்க வச்சு, மெஷினையும் படுக்க வச்சு தலையை மாட்டிட்டு, ரெண்டு பேரா சேத்து நிமுத்தணும், அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

இப்ப உங்க மண்ணு. சர்ஜாபுரா பக்கம் மேல செம்மண், அதுக்கு கீழ சரளை, அதுக்கும் கீழ உளுத்த பாறை, ஆனா எது எத்தனை அடியில வரும்னு ஒரே ஏக்கருக்குள்ளயே மாறும். அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கடப்பாரை எடுத்துட்டு போய் எல்லையில 30 அடிக்கு ஒரு இடத்துல ஊன்றிப் பாருங்க. ரெண்டு அடி இறங்குச்சுன்னா மெஷின் வேலை செய்யும். ஒரு அடியிலயே டங்குன்னு நின்னு கையில அதிர்ச்சி ஏறுச்சுன்னா அங்க கல்லு, அரை அடி தள்ளி இன்னொரு தடவை குத்துங்க, அங்கயும் நின்னா அது பாறை, அந்த இடத்துக்கு டிரில் போட்டு துளைச்சு கம்பத்தை சிமெண்ட்ல வைக்கறதுதான் வழி. அடிக்கறப்பவும் காதால கண்டுபுடிக்கலாம், மண்ணுல இறங்கறப்ப சத்தம் மந்தமா இருக்கும், கல்லுல முட்டினதும் மணி அடிச்ச மாதிரி கணீர்னு மாறும், மெஷின் கையில துள்ள ஆரம்பிக்கும், அந்த நொடியே ஆக்சிலேட்டரை விட்டுடணும். விடாம அழுத்தினா பைப் வளையும், இல்ல அடி முனை சுருண்டு பக்கவாட்டுல போகும், அப்புறம் புடுங்கறது பெரும்பாடு.

காலமும் முக்கியம். மார்ச், ஏப்ரல்ல செம்மண் செங்கல் மாதிரி காஞ்சு கிடக்கும், மே மாச மழை ரெண்டு விழுந்ததும் அதே மண்ணு இளகிடும். காத்திருக்க முடியாதுன்னா முந்தின நாள் சாயங்காலம் கடப்பாரையால ஓட்டை போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு குடம் தண்ணி ஊத்தி வையுங்க. ஏரியை ஒட்டின நிலம்னா எதிர்ப்பக்கம் பிரச்சனை, கம்பம் சட்டுனு இறங்கும், சட்டுனு சாயவும் செய்யும், அங்க ரெண்டு அடிக்கு பதிலா மூணு அடி குடுங்க.

அடிக்கற முறையில ரெண்டு விஷயம் நான் அனுபவப்பட்டு தெரிஞ்சுக்கிட்டது. ஒண்ணு, பைப் அடியை சாய்வா வெட்டினா சுலபமா இறங்கும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, வெட்டின பக்கத்து மண்ணு பைப்பை எதிர்ப்பக்கம் தள்ளிக்கிட்டே போகும், நேரா வெட்டினதே போதும். இன்னொண்ணு, மொத ஒரு அடிதான் எல்லாமே. கால் அடிக்கு ஒரு தடவை நிறுத்தி ரசமட்டம் வச்சு ரெண்டு பக்கமும் பாருங்க, ஒரு அடி தாண்டிட்டா கோணலை நிமுத்த முடியாது. பைப் சைஸுக்கு ஏத்த உறை மெஷினோட வாங்கணும், ஒன்றரை இஞ்ச் பைப்போட வெளி அளவு 48 எம்எம், அதை 80 எம்எம் வாயில விட்டு அடிச்சா பாதி அடி வீணா போகும், பைப் தலையும் காளான் மாதிரி விரியும். கொஞ்சம் விரியறது எப்படியும் நடக்கும், அங்க துத்தநாகப் பூச்சு போயிருக்கும், ராவிட்டு ஜிங்க் பெயிண்ட் அடிச்சு மூடி போட்டுடுங்க, இல்லாட்டி ரெண்டு மழையில அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

அடிச்சு இறக்கின கம்பத்துக்கு சிமெண்ட் தேவையில்லைன்னு சொல்றது நடுக்கம்பங்களுக்கு உண்மை, மண்ணை தோண்டாம ஒதுக்கிட்டு போறதால அது பைப்பை இறுக்கி புடிச்சுக்கும். மூலைக்கும் கேட்டுக்கும் அந்த நம்பிக்கை வேண்டாம். செயின்லிங்க் கம்பி வலையை இழுத்து கட்டறப்ப மொத்த இழுவையும் மூலைக்கம்பத்துலதான் விழும், அதுக்கு குழி எடுத்து கான்கிரீட் போட்டு ரெண்டு பக்கமும் சாய்வா தாங்கு கொடுத்தாத்தான் வலை தொங்காது.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போர்வெல் பைப், மோட்டார் கேபிள், சொட்டுநீர் லைன் எந்த வழியா போகுதுன்னு பழைய ஓனரையே கூட்டிட்டு வந்து சுண்ணாம்பு கோடு போட வையுங்க. ஹொஸ்கோட்டை பக்கம் ஒரு தோட்டத்துல கேக்காம அடிச்சு மோட்டார் கேபிளை துளைச்சுட்டேன், அன்னைக்கு கரண்ட் இல்லாததால ஆள் தப்பிச்சோம். காதுக்கு அடைப்பான் கட்டாயம், கைக்கு தடிச்ச கிளவுஸ், அதோட ஒருத்தரே நாள் பூரா புடிக்கக்கூடாது, அந்த அதிர்வு வருஷக்கணக்குல சேந்தா விரல் வெளுத்து மரத்துப் போற வியாதி வரும். நாங்க பத்து கம்பத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கறோம்.

வாங்கறதா வேண்டாமான்னா, ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, சதுரமா இருந்தா சுத்தளவு 835 அடி, பத்தடிக்கு ஒரு கம்பம்னா 84 வரும், எட்டடிக்குன்னா 104. இது ரெண்டு நாள் வேலை, அதுக்காக மெஷின் வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. பெட்ரோல் கம்பம் அடிக்கிற மெஷின் வாடகைக்கு கிடைக்கறது இங்க கஷ்டம், ஆனா கான்கிரீட் பிரேக்கரும் ஜெனரேட்டரும் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடற இடங்கள்ல கிடைக்கும். பிரேக்கர்ல உளிக்கு பதிலா கம்பத்து தலைக்கு கப் மாதிரி ஒரு பிட் மாட்டினா அதே வேலை நடக்கும், பெங்களூர் எஸ்ஜேபி ரோடுல டூல்ஸ் கடைகள்ல கேட்டுப் பாருங்க, இல்லாட்டி பீன்யாவுல லேத் ஒர்க்‌ஷாப்ல செஞ்சு வாங்கலாம். பிரேக்கருக்குள்ள போற பிட் முனை (ஷாங்க்) 28 எம்எம் அறுகோணமா, இல்ல எஸ்டிஎஸ் மேக்ஸ்ங்கற காடி வச்ச வட்ட வகையான்னு பாத்துட்டு போங்க, கப் நல்ல ஸ்டீல்ல ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணினதா இருக்கணும், சாதா இரும்புல செஞ்சா பாதி வேலையில தெறிக்கும்.

கடப்பாரை ஊன்றிப் பாத்துட்டு எத்தனை அடியில நின்னுச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, தோண்டின மண்ணு ஒரு கைப்பிடி போட்டோ எடுத்து போட்டாலும் சரி, எந்த பைப், எத்தனை அடி ஆழம்னு பாத்து சொல்றேன்.