0.5 என்றால் எதில் 0.5? கூரை ஷீட் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: மொட்டை மாடி முழுக்கக் கலர் ஷீட் போடலாம் என்று மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மூவருமே ‘0.5 ஷீட், நம்பர் ஒன் கம்பெனி’ என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் விலையில் மட்டும் ஏகப்பட்ட வித்தியாசம். யாரிடம் கொடுப்பது?
— வாசகர், திருச்சி

பதில்: மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “0.5 என்பது எதன் கனம்?”

ஷீட்டின் உள்ளே இருப்பது உருக்குத் தகடு. அதன் மேல் துருப் பிடிக்காமலிருக்க ஓர் உலோகப் பூச்சு, அதற்கும் மேலே பெயிண்ட். எல்லாம் சேர்ந்த கனத்தை டி.சி.டி. என்பார்கள், வெறும் உருக்கின் கனத்தை பி.எம்.டி. என்பார்கள். சந்தையில் 0.50 டி.சி.டி. என்று விற்பதில் உருக்கு 0.45 மி.மீ. இருக்கும். அது நேர்மையான 0.5. ஆனால் 0.45 டி.சி.டி. ஷீட்டையும், சில இடங்களில் 0.40-ஐயும்கூட ‘0.5’ என்றே வாய்மொழியாக விற்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மேலே ஏறி நடக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, பழைய இரும்புக் கடைத் தராசு போதும். உருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. நம் ஊர் மூன்றரை அடி அகல ஷீட் பெரும்பாலும் 1,220 மி.மீ. அகலச் சுருளை மேடு பள்ளமாக மடித்துச் செய்வது. பூச்சுக்கும் பெயிண்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிராம் போட்டுக்கொண்டால், 10 அடி நீள ஷீட் 0.45 பி.எம்.டி.யில் ஏறக்குறைய 14 கிலோ வரும், 0.35 பி.எம்.டி.யில் 11 கிலோ, 0.30-இல் ஒன்பதரை. ஆலையில் அனுமதிக்கிற ஏற்ற இறக்கத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மூன்று கிலோ குறையாது. லோடு இறங்கும்போதே ஒரு ஷீட்டை எடுத்து எடை போடுங்கள். ‘எடை போடுவோம்’ என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் வரும் சரக்கே வேறாக இருக்கும் என்பது என் அனுபவம்.

கனத்தைவிட ஆயுளைத் தீர்மானிப்பது பூச்சு. அதை யாரும் கேட்பதில்லை. கால்வால்யூம் என்று நாம் சொல்லும் வகையில் பூச்சு 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். ஏ.இசட். 150 என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு. வீட்டுக்கு இதற்குக் குறைந்து வாங்காதீர்கள். விலை குறைத்துக் கொடுப்பவர் ஏ.இசட். 70 போன்றவற்றைக் கொடுக்கலாம். அதிலும் அதே பளபளப்பு, அதே நீல நிறம்.

பெயிண்ட் பூசிய கால்வால்யூமுக்கு ஐ.எஸ். 15965, பெயிண்ட் பூசிய ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சு) ஷீட்டுக்கு ஐ.எஸ். 14246 என்பவை இந்தியத் தரநிலைகள். பெரிய ஆலைச் சரக்கில் ஷீட்டின் அடிப்பக்கம் பெயர், கனம், பூச்சு அளவு அச்சாகியிருக்கும். அச்சையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால் சுருளுக்கான ஆலைச் சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். பில்லில் ‘ரூஃபிங் ஷீட்’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி பெயர், பி.எம்.டி., ஏ.இசட். எண், பெயிண்ட் வகை, நீளம், எண்ணிக்கை எல்லாம் வர வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்தப் பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டியும் அதோடு போயிற்று.

இன்னொன்று. மூன்றரை அடி அகலம் என்றாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பகுதி போக மூடுவது 3.3 அடி அளவுக்குத்தான். சதுர அடி விலை ஷீட்டின் அளவுக்கா, மூடிய பரப்புக்கா என்று கேட்டுவிட்டு மூன்று கொட்டேஷனையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: மேல்மாடி அறை மே மாதத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. மாடியில் ஷீட் போட்டால் குளிருமா?
— வாசகி, வேலூர்

பதில்: அறையின் சூடு குறையும். வெயில் நேராகத் தளத்தில் படாமல் ஷீட் நிழல் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு மட்டும் ஷெட் போடுவதென்றால் வேண்டாம் என்பேன். தளத்துக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பெயிண்ட் அடிப்பதும் வெள்ளை ஓடு பதிப்பதும் அதில் சிறு பங்கு செலவில் முடியும். துணி காயப்போட, விசேஷத்துக்குப் பந்தி போட, மழை ஒழுகலை நிறுத்த என்று வேறு தேவையும் சேர்ந்தால் ஷெட் போடுங்கள்.

அப்படிப் போட்டால் நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் அடர் சிவப்பு போட்டிருக்கிறார் என்று நீங்களும் போட்டால் நடுப்பகலில் ஷெட்டின் கீழே நிற்க முடியாது. உயரத்தைத் தாராளமாக விட்டு, பக்கங்களைத் திறந்து வையுங்கள். வெள்ளிக் காகிதம் ஒட்டிய பபிள் ஷீட்டை அடியில் போடச் சொல்வார்கள். அதற்கும் கூரைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அந்தப் பளபளப்பு வேலை செய்யும். ஒட்டிப் போட்டால் காசு தண்டம். பிற்காலத்தில் அதையே அறையாக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே, இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய 50 மி.மீ. பஃப் பேனல் போட்டுவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சூடும் மழைச் சத்தமும் ஒருசேர அடங்கும்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. கஜா புயலில் பழைய ஷீட் முழுதும் பறந்துவிட்டது. அதன்பின் போட்டதில் இப்போது ஸ்க்ரூவைச் சுற்றி எல்லாம் துரு. இன்னும் கனமான ஷீட் போட்டால் தாங்குமா?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: உங்கள் ஊருக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கஜா கரை கடந்தது.

ஷீட்டின் கனம் காற்றுக்கு எதிராகப் பெரிதாக உதவாது. விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. நல்ல 0.50 ஷீட்டின் எடையே சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ கிடையாது. கூரையைப் பிடித்து வைப்பது எடை இல்லை, ஸ்க்ரூவும் பர்லினும் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தூணும் தளத்தில் இறங்கும் போல்ட்டும்தான். காற்று மேலிருந்து அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் ஆபத்து, அதிலும் ஓரமும் மூலையும் மோசம். பக்கம் திறந்த ஷெட்டென்றால் அடியிலிருந்தும் தள்ளும். ஆகவே ஓரங்களில் பர்லின் இடைவெளியைக் குறைத்து, அங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். ஓரத்தில் வெளியே நீட்டிவிடும் ஷீட்டை அரை அடிக்கு மேல் விட வேண்டாம். தூணின் அடித்தகட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துச் சிமெண்ட் பூசி விடுகிறார்கள். அது கூடாது. தளத்தின் கான்கிரீட்டிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். சென்னைக்குத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகமே 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39. கோவை வெல்டர் போட்ட ஷெட்டின் படத்தைக் காட்டி அதே மாதிரி கேட்காதீர்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிச் சட்டத்தை முடிவுசெய்யுங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

துருவுக்கு வருவோம். ஸ்க்ரூவைச் சுற்றித் துரு வந்தால் ஷீட்டைத் திட்டுவதற்கு முன் ஸ்க்ரூவைப் பாருங்கள். சாதாரண மஞ்சள் பூச்சு ஸ்க்ரூ கடற்கரைக்கு ஆகாது. வெளிப்புற வேலைக்கான கனத்த பூச்சுள்ளதும் ரப்பர் வாஷர் உள்ளதும் வேண்டும். ‘ஸ்டீல் பாத்திரம் துருப் பிடிக்காதே’ என்று ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் சேர்ந்து, ஸ்க்ரூ நன்றாக இருக்க, ஷீட் அரிக்கும். ஏ.சி.யின் செம்புக் குழாய் மேல் வழியும் நீரும் ஷீட்டுக்கு அதே கேடு. ஷீட்டோடு ஈரச் சிமெண்டும் சேரக் கூடாது.

கடலோசை கேட்கும் தூரத்தில் கால்வால்யூமுக்குக் கம்பெனி வாரண்டியே பெரும்பாலும் பொருந்தாது. அட்டையின் சிறிய எழுத்தைப் படியுங்கள். வசதியிருந்தால் அலுமினிய ஷீட் பாருங்கள். அதில் செந்துரு வராது. இல்லையென்றால் மழை படாத ஓரத்து அடிப்பகுதியை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு தேங்குவது அங்கேதான்.

கேள்வி: போட்ட ஆறாவது மாதமே ஷீட்டில் புள்ளிப் புள்ளியாகத் துரு. கடைக்காரர் ‘வெல்டர் தப்பு’ என்கிறார், வெல்டர் ‘சரக்கு தப்பு’ என்கிறார்.
— வாசகர், ஈரோடு

பதில்: புள்ளிகளை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். உதிர்ந்து வந்தால் அது ஷீட்டின் துருவே இல்லை, மேலே விழுந்த இரும்புத் தூள். கட்டிங் வீலால் ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் தீப்பொறி பெயிண்டைப் பொசுக்கி ஒட்டிக்கொள்ளும், முதல் மழையில் துருவாகும். ஷீட்டைக் கத்தரியால்தான் வெட்ட வேண்டும், துளை போட்ட தூளை அன்றே பெருக்க வேண்டும். அப்படியானால் வெல்டர் பொறுப்பு. அறுக்காத நடுப்பகுதியில் பெயிண்ட் உப்பி உரிந்தால் சரக்கின் குறை.

எதுவானாலும் படம் எடுத்து இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், பழியைப் பங்கிடுவது அவர்கள் பாடு.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்து இறக்கிவிட்டுத் தகர ஷீட் போடலாமா?
— வாசகி, சேலம்

பதில்: போடுங்கள், ஆனால் உடைக்காதீர்கள். உடைந்தால் பறக்கும் நார்தான் நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர்கள் பி-100 அல்லது எஃப்.எஃப்.பி.3 வகை முகக்கவசம் போடட்டும், ஆஸ்பெஸ்டாஸ் நாருக்கு என்-95 போதாது. குழந்தைகள் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். இறக்கியதைக் கோழிக்கூண்டுக்கு வெட்டிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மிச்சமான கால்வால்யூம் ஷீட்டை மாட்டுக் கொட்டகைக்குப் போடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: சாணம், மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா அந்தப் பூச்சை அடிப்பக்கமிருந்து அரிக்கும். கொட்டகைக்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனிகளே எழுதுகின்றன. ஓடு இருந்தால் ஓடு போடுங்கள், மாட்டுக்கும் குளிர்ச்சி. மிச்ச ஷீட்டை விறகு அடுக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவரை மழையில் அடுக்கி வைக்காதீர்கள், ஷீட்டுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் கறுத்துவிடும்.