கோரிக்கை யாருடையது என்று சர்வருக்குச் சொல்வது எப்படி?

கேள்வி: எங்கள் லாராவெல் (பிஎச்பி கட்டமைப்பு) செயலி வாடிக்கையாளர் முகவரிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் முகவரி தேடும் சேவையான நாமினாட்டிமுக்கு அனுப்பி அட்சரேகை, தீர்க்கரேகை வாங்குகிறது. இப்போது 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. யூசர்-ஏஜென்ட் ஹெடர், அதாவது அனுப்புவது எந்தச் செயலி என்று கோரிக்கையோடு சொல்லும் வரி, போடச் சொல்கிறார்கள். கோடில் ஆறு இடத்தில் அழைக்கிறோம், ஆறிலும் எழுத வேண்டுமா?

வேண்டாம், ஒரே இடம் போதும். லாராவெலில் வெளியே கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி கிளையண்டுக்கு அடியில் ஓடுவது கசில் என்ற நூலகம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது "கசில்எச்டிடிபி/7" என்ற தன் பெயரிலேயே கோரிக்கையை அனுப்பும். அதே பெயரில் எத்தனையோ பேருடைய செயலிகள் வந்து நிற்கும்போது எது உங்களுடையது என்று அந்தப் பக்கம் எப்படித் தெரியும்? அதனால்தான் நூலகங்களின் இயல்புப் பெயர் செல்லாது என்று நாமினாட்டிம் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆப்-சர்வீஸ்-ப்ரொவைடரின் பூட் முறையில் குளோபல்-ரிக்வெஸ்ட்-மிடில்வேரை ஒருமுறை பதிவு செய்யுங்கள், வெளியே போகிற ஒவ்வொரு கோரிக்கையும் இதன் வழியாகத்தான் போகும். அதன் கைக்கு வரும் கோரிக்கையில் வித்-ஹெடரை அழைத்து செயலியின் பெயர், சாய்கோடு, பதிப்பு எண், அடைப்புக்குறிக்குள் ஒரு தொடர்பு மின்னஞ்சல் என்று கொடுத்தால் முடிந்தது. பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க ஆசை வரும், ஆனால் ஹெடர் மதிப்பில் ஆங்கில எழுத்துகளே பாதுகாப்பு.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். வித்-ஹெடர் பழைய கோரிக்கையை மாற்றாது, ஹெடர் சேர்த்த புதிய நகல் ஒன்றைத் தரும், அந்த நகலை ரிட்டர்ன் செய்தே ஆக வேண்டும். அதை வாங்காமல் பழைய கோரிக்கையையே திருப்பிக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, ஹெடரும் போகாது, நீங்கள் அரைநாள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், குளோபல் என்றால் இந்த கிளையண்ட் வழியாக வெளியே போகிற எல்லாக் கோரிக்கைக்கும் என்று அர்த்தம். பெயரும் மின்னஞ்சலும் போனால் பரவாயில்லை. ஏபிஐ சாவி மாதிரி எதையாவது இதே வழியில் சேர்த்தால் பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் சேவை என்று எல்லார் கைக்கும் அது போய்விடும், ஆகவே கோரிக்கை எந்த ஹோஸ்டுக்கு (சர்வருக்கு) போகிறது என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போகிறதா என்று பார்க்க எச்டிடிபிபின் தளத்தின் ஹெடர்ஸ் முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்புங்கள், நீங்கள் அனுப்பியதை அப்படியே திருப்பிக் காட்டும். தயவுசெய்து குரோம் பிரவுசர் என்று பொய்ப்பெயர் போடாதீர்கள். பெயர் சரியானாலும் நாமினாட்டிமின் பொது சர்வரில் மொத்தச் செயலிக்கும் சேர்த்து நொடிக்கு 1 கோரிக்கைதான் அனுமதி, அதனால் ஒருமுறை வாங்கிய அட்சரேகை, தீர்க்கரேகையை உங்கள் டேட்டாபேஸில் சேமித்து வையுங்கள்.