வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். போன ஆயுத பூஜையன்று ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டியபோது ஒதுங்கி நின்றேன். அன்றிலிருந்து மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சூப்பர்வைசர் பதவி எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது. மத சுதந்திரம் நாத்திகனுக்குக் கிடையாதா? திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டு வழக்குப் போடப் போகிறேன்.

பதில்: ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதம் ஆறு பக்கம். மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பிரசாதத் தட்டு உங்களைத் தாண்டிப் போனது, உங்கள் தாத்தா 1932-ல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் இருந்தவர் என்பது, எல்லாவற்றையும் மரியாதையோடு படித்தேன். வழக்குக்கு இவை உதவாது. மத சுதந்திரம் தரும் சிங்கப்பூர் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவும் உதவாது. அது அரசு உங்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிறது. தனியார் கிடங்கின் முதலாளியை அது கட்டுப்படுத்தாது.

உதவக்கூடியது நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரே வரி. வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் மேலாளர் போட்டது: ‘பூஜைக்கு நிக்காதவன் சூப்பர்வைசரா நிக்க முடியாது.’ பதவி தராததற்கு மதமே காரணம் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு நிறுவனம் இப்படி எழுத்தில் மாட்டிக்கொள்வது அபூர்வம்.

ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. பச்சைப் பெட்டியின் மேல் விளிம்பு மட்டும் தெரிகிறது. அது உங்கள் பதில். என்ன எழுதினீர்கள் என்று ஐந்தாம் பக்கத்தில் நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் கும்பிடும் அம்மனைப் பற்றிய அந்த வரியை இங்கே அச்சிட மாட்டேன்.

இந்த இடத்தில்தான் நான் பலரை விழப் பார்த்திருக்கிறேன். ஒரு டெக்னீஷியன் இதேபோல் வெட்டிய படத்தோடு புகார் கொடுத்தார். சமரசப் பேச்சின் முதல் பத்து நிமிடத்தில் எதிர்த்தரப்பு முழு உரையாடலையும் அச்செடுத்து மேசையில் வைத்தது. அதற்குப் பிறகு அவருக்கு நடந்த அநியாயத்தை யாரும் பேசவில்லை. அவர் எழுதியதையும் மறைத்ததையும் மட்டுமே பேசினார்கள். நல்ல புகார் அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உங்கள் நிலை அதைவிடக் கடினம். சிங்கப்பூரில் கடவுள் இல்லை என்று சொல்வது குற்றமல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றுதான் பதிந்தார்கள். ஆனால் பிறர் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது குற்றம். ‘அவர்தான் ஆரம்பித்தார்’ என்பது அதற்குப் பதிலாகாது. குழுவில் இருக்கும் யாராவது ஒருவர் போலீசில் புகார் கொடுத்தால் போதும். போலீஸ் வரை போகாவிட்டாலும், ஒழுங்கீனம் என்று விசாரணை வைத்து நோட்டீஸ் இல்லாமலே உங்களை அனுப்ப நிறுவனத்துக்கு அதுவே காரணமாகிவிடும். பாதிக்கப்பட்டவர் நீங்கள், ஒரு வரியால் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

அந்தச் செய்தியை இப்போது அழிக்காதீர்கள். பதினெட்டுப் பேரின் கைப்பேசியில் அது இருக்கிறது. அழித்தால் பயந்து மறைத்தது போலாகும். குழுவில் இனி ஒரு எழுத்தும் எழுத வேண்டாம், மன்னிப்புகூட வக்கீலிடம் காட்டிய பிறகுதான்.

ராஜினாமா ஏன் வேண்டாம்? இன்றைய சட்டத்தில் பதவி உயர்வு மறுத்ததற்காக, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றம் போக வழியில்லை, வேலைநீக்கத்துக்குத்தான் உண்டு. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் டாடம் (TADM) அமைப்பில் பதிய வேண்டும். அந்த மாதத்தைக் கோபத்திலேயே தொலைத்தவர்கள் ஏராளம். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்க 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நம்பியும் இருக்காதீர்கள். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அதில் தொடக்கத்தில் ஐந்து ஆண்டு விலக்கு உண்டு. உங்கள் குழுவில் இருக்கும் பதினெட்டுப் பேர்தான் மொத்த ஊழியர்கள் என்றால் அது உங்களுக்கு எட்டாது.

ஆகவே சமரசம். வேலையில் இருந்துகொண்டே முழு உரையாடலோடு, உங்கள் பதிலையும் சேர்த்து, நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் (TAFEP) அமைப்பில் புகார் கொடுங்கள். நியாயமான வேலை நடைமுறை வழிகாட்டிகளை மீறும் நிறுவனத்துக்கு மனிதவள அமைச்சு ஒர்க் பாஸ் சலுகையை நிறுத்திவைக்கலாம். வெளிநாட்டு ஊழியரை நம்பியிருக்கும் கிடங்கு அதற்கு நிச்சயம் பயப்படும். அந்தப் பயம்தான் உங்கள் கையில் இருக்கும் பலம். மதிப்பீட்டைத் திருத்தி அடுத்த முறை பதவிக்குப் பரிசீலிப்பதாக எழுத்தில் கேளுங்கள். வெளியேறுவதென்றே முடிவானால், சில மாதச் சம்பளமும் நல்ல சான்றுக் கடிதமும் கையில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மேலாளர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடுங்கள். அதைக் கேட்டால் அவர்கள் உங்கள் வரியை எடுத்து நீட்டுவார்கள்.

தொழிற்சங்கத்தில் உறுப்பினரா என்று நீங்கள் எழுதவில்லை. நடுவர் மன்றக் கோரிக்கையின் உச்சவரம்பு 20,000 வெள்ளி. சங்கத்தின் துணையோடு போனால் 30,000. உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.