அடிக்காம பேச வைக்க முடியுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் உளவுத்துறை எம்ஐ5-ல விசாரணை அதிகாரியா இருந்த 'டின் ஐ' ஸ்டீபன்ஸ் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ஜெர்மன் உளவாளிங்களை அடிக்காமலே பேச வச்சார்ங்கறீங்க. நம்ப முடியல. பிரிட்டிஷ்காரங்க தங்களைப் பத்தி தாங்களே அடிச்சுக்கிட்ட பெருமைதானே இது?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

சந்தேகம் நியாயம்தான், ஆனா அவரை இரக்கமுள்ள மனுஷன்னு நான் சொல்லவே இல்லையே. ஒத்தைக் கண்ணாடியை கண்ணுல மாட்டிக்கிட்டு கைதியை நிக்க வச்சு கத்துற ஆளு, இந்திய ராணுவத்துல கூர்க்கா படையில இருந்தவர், வெளிநாட்டுக்காரன்னாலே ஆகாது. 1940 ஜூலைல லண்டன் ஓரமா லாட்ச்மியர் ஹவுஸ்ல, மாட்டின உளவாளிங்களை விசாரிக்கற கேம்ப் 020 ஆரம்பிச்சப்ப அடிக்கக் கூடாதுன்னு ரூல் போட்டாருன்னா அது முழுக்க கணக்கு. அடி வாங்கறவன் நமக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லுவான், தகவலோட தரம் போயிடும்னு எழுதியே வச்சிருக்கார், அதுவும் ஊருக்குக் காட்ட எழுதினதில்ல, பல வருஷம் ரகசியமா பூட்டிக் கிடந்த ஃபைல்.

ஜெர்மன் உளவாளி வுல்ஃப் ஷ்மிட்டையே எடுத்துக்குங்க. 1940 செப்டம்பர்ல பாராசூட்ல வந்து மாட்டினவன், வாயே திறக்கல. அவனுக்கு முன்னாடியே மாட்டின ஃப்ரெண்டு கரோலி, ஷ்மிட்டைத் தூக்குல போடக் கூடாதுன்னு பேரம் பேசிட்டு எல்லாத்தையும் சொல்லியிருந்தான். அந்த ஃப்ரெண்டே காட்டிக் கொடுத்துட்டான்னு சொல்லித்தான் இவனை உடைச்சாங்க. நடுவுல ராணுவ இலாகாலேந்து வந்த அலெக்ஸாண்டர் ஸ்காட்லாண்ட்ங்கற அதிகாரி செல்லுக்குள்ள பூந்து ஷ்மிட்டை அடிச்சிட்டார், ஸ்டீபன்ஸ் அவரை கேம்ப் பக்கமே வர விடாம துரத்திட்டார். அப்புறம் ஷ்மிட் பிரிட்டிஷ்காரங்க பக்கம் சேர்ந்து, 'டேட்'ங்கற ரகசியப் பேர்ல 1945 மே வரைக்கும் ஜெர்மனிக்கு ரேடியோல பொய்யா அனுப்பிட்டே இருந்தான், ஜெர்மன்காரங்க நம்பி அயர்ன் கிராஸ்ங்கற வீரப் பதக்கம் வேற குடுத்தாங்க! அடிச்சுப் பணிய வச்ச ஆளுன்னா ஏதாவது ஒரு மெசேஜ்ல எச்சரிக்கையை நுழைச்சிருக்க மாட்டானா? ஸ்டீபன்ஸ் ரூலோட நிஜமான லாபம் இங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

கை வைக்கலைங்கறதால சுத்தமான இடம்னு நினைச்சுக்காதீங்க. செல்லுல மைக் ஒளிச்சு வச்சிருந்தாங்க, 1940ல கொண்டுவந்த துரோகச் சட்டப்படி மரண தண்டனை எப்பவும் தலைக்கு மேல தொங்கிட்டிருந்துச்சு. அங்க விசாரிக்கப்பட்ட யோசெஃப் யாகோப்ஸ்ங்கற ஜெர்மன் உளவாளிக்கு கணுக்கால் உடைஞ்சிருந்ததால 1941 ஆகஸ்ட்ல லண்டன் டவர்ல சேர்ல உக்கார வச்சே சுட்டாங்க.

போருக்கு அப்புறம் ஜெர்மனில பாட் நென்டார்ஃப் விசாரணை மையத்துக்கும் ஸ்டீபன்ஸ்தான் கமாண்டர். அங்க கைதிங்க பட்டினில எலும்பும் தோலுமா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, சிலர் செத்தே போனாங்க. 1948ல அவரை ராணுவ கோர்ட்ல நிறுத்தி விடுதலை பண்ணிட்டாங்க. அந்த விடுதலைல எனக்கு திருப்தி இல்ல. தன் கேம்ப்ல விழுந்த ஒரே அடிக்கு அப்படிக் குதிச்ச ஆளுக்கு இங்க நடந்தது எதுவுமே கண்ணுல படலையாமா?